தேர்ச்சி வேறு, தகுதி வேறு: அமெரிக்கப் பள்ளிகளின் கணிதப் படிப்பு



நம் ஊர்களில் ஒரு பிள்ளை பத்தாம் வகுப்பில் தேறியதும் வீட்டில் பெரிய ஆலோசனையே நடைபெறும். ‘எந்தக் குரூப் எடுப்பது?’ என்பதுதான் அந்த ஆலோசனையின் பொருள். மாமா ஒன்று சொல்வார். பெரியத்தா வேறொன்று சொல்வார். வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் தொலைபேசியில் மூன்றாவதாக ஒன்றைச் சொல்வார். கணிதம் உள்ள பிரிவா, இல்லாத பிரிவா என்னும் அந்த ஒரு முடிவு பிள்ளையின் வருங்காலத்தையே திசை திருப்பக்கூடியது என்பதை எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் அறிந்திருக்கிறார். எடுக்கும் முடிவு சரியாகவும் இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். ஆனால் முடிவெடுக்க வேண்டிய வேளை இது என்பதாவது எல்லாருக்கும் தெரிகிறது.

அமெரிக்காவில் நிலைமை அப்படியன்று. அங்கும் பாதை பிரிகிறது; கணிதத்தை வைத்தே பிரிகிறது. ஆனால் பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே பிரிந்து விடுகிறது. விழா இல்லை, ஆலோசனை இல்லை, பொதுத்தேர்வு இல்லை. அடுத்த ஆண்டுக்கான பாடப் பட்டியலில் ஒரு பாடத்தின் பெயருக்குப் பதிலாக வேறொரு பாடத்தின் பெயர் இடம்பெறுகிறது, அவ்வளவே. அதன் பொருளை அறிந்த பெற்றோர் விழித்துக் கொள்கின்றனர். அறியாத பெற்றோர் நான்கு ஆண்டுகள் கழித்துப் பல்கலைக்கழக வாசலில் நின்றுதான் அறிகின்றனர்.

நம் குடும்பங்கள் பலவற்றிலிருந்து மகனோ மகளோ மருமகனோ அங்குப் பணி நிமித்தம் குடியேறி, பேரப்பிள்ளைகள் அந்நாட்டுப் பள்ளிகளில் படித்து வருகின்றனர். ‘அமெரிக்கப் பள்ளியில் கணக்கு எளிது, பிள்ளைகள் தானாகத் தேறி விடுவார்கள்’ என்று இங்கே பலர் கூறக் கேட்கிறோம். அந்தக் கூற்றில் பாதி உண்மை. அந்தப் பாதி உண்மையில்தான் ஆபத்து இருக்கிறது. ஆகவே அங்குள்ள ஏற்பாட்டைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

ஒரே வகுப்பு, வெவ்வேறு கணக்கு

அமெரிக்கா முழுமைக்கும் பொதுவான பள்ளி இறுதித் தேர்வு என்று எதுவும் கிடையாது. கல்வி மாநிலங்களின் பொறுப்பு. பள்ளிப் படிப்பு நிறைவு பெற இன்னின்ன பாடங்களை இத்தனை ஆண்டுகள் படித்திருக்க வேண்டும் என்று பெரும்பாலான மாநிலங்கள் ஒரு கீழ்வரம்பு விதிக்கின்றன. அந்தந்த ஊர்க் கல்வி வாரியம் அதற்கு மேலும் கூட்டிக் கொள்ளலாம். ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள நான்காண்டுகளே ‘ஹை ஸ்கூல்’. அதன் முடிவில் தரப்படும் சான்றிதழுக்கு ‘டிப்ளமா’ என்று பெயர். நம் பாலிடெக்னிக் டிப்ளமாவுடன் அதைக் குழப்பிக் கொள்ளக் கூடாது.

அந்தச் சான்றிதழைப் பெற, பாடம் பாடமாகத் தேறிக் ‘கிரெடிட்’ சேர்க்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்னகி அறக்கட்டளை வகுத்த அளவு இது. ஒரு பாடத்தை ஓராண்டில் ஏறத்தாழ 120 மணி நேரம் படித்தால் அது ஓர் அலகு. வகுப்பறையில் அமர்ந்திருந்த காலத்தை இந்த அளவுகோல் நன்றாக அளக்கிறது. மண்டையில் ஏறியது எவ்வளவு என்பதை அளப்பதில்லை. இதனை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

நமக்கு வியப்பளிக்கும் செய்தி இனிமேல்தான் வருகிறது. தமிழ்நாட்டில் ஒன்பதாம் வகுப்பென்றால் எல்லாருக்கும் ஒரே கணக்குப் புத்தகம். அங்கோ ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவர் முதலாம் இயற்கணிதம் படிப்பார். அவர் நண்பர் வடிவியல் படிப்பார். மற்றொருவர் இரண்டாம் இயற்கணிதத்துக்கே போயிருப்பார். வரலாறும் ஆங்கிலமும் மூவருக்கும் ஒன்றாக இருக்கும். கணக்கு மணி அடித்ததும் மூவரும் மூன்று அறைகளுக்குப் பிரிந்து செல்வர்.

பெரும்பாலான பள்ளிகளில் அந்தப் படிகளின் வரிசை இதுதான்: முதலாம் இயற்கணிதம், வடிவியல், இரண்டாம் இயற்கணிதம், நுண்கணிதத்துக்கு முந்தைய படிப்பு, அதன்பின் ‘கால்குலஸ்’ எனப்படும் நுண்கணிதம். சில மாநிலங்களிலும் ஊர்களிலும் இவற்றைக் கலந்து ஒன்று, இரண்டு, மூன்று எனப் பெயரிட்டுக் கற்பிப்பதுண்டு. எப்படிப் பெயரிட்டாலும் ஒரு படியை மிதிக்காமல் அடுத்த படிக்கு ஏற முடியாது.

இப்போது விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். ஒன்பதாம் வகுப்பில் முதலாம் இயற்கணிதம் தொடங்கினால் பத்தில் வடிவியல், பதினொன்றில் இரண்டாம் இயற்கணிதம், பன்னிரண்டில் நுண்கணிதத்துக்கு முந்தைய படிப்பு. பள்ளி முடிந்தது, நுண்கணிதம் எட்டவில்லை. பொறியியல் பயில விழையும் பிள்ளை பள்ளியிலேயே நுண்கணிதத்தைத் தொட வேண்டுமானால் எட்டாம் வகுப்பிலேயே இயற்கணிதத்தை முடித்திருக்க வேண்டும். அதற்கு ஆறிலும் ஏழிலும் விரைவுப் பிரிவில் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கோடை விடுமுறையில் ஒரு பாடத்தைப் படித்தோ, ஓராண்டில் இரண்டு கணிதப் பாடங்களைச் சேர்த்து எடுத்தோ ஈடுகட்ட வேண்டும். வழி இல்லாமல் இல்லை. ஆனால் வழி இருக்கிறது என்பதை எவரேனும் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும் அல்லவா?

தரையும் கதவும்

1983இல் ‘ஆபத்தில் ஒரு நாடு’ என்னும் பொருள்படும் தலைப்பில் அமெரிக்க நடுவண் அரசு அமைத்த குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. உயர்நிலைப் பள்ளியில் ஒவ்வொரு மாணவரும் மூன்றாண்டு கணிதம் படிக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. அதன் பின்னரே பல மாநிலங்கள் தம் கீழ்வரம்பை உயர்த்தத் தொடங்கின. இன்றும் மாநிலத்துக்கு மாநிலம் வரம்பு மாறுபடுகிறது.

கலிபோர்னியாவை எடுத்துக் கொள்வோம். அம்மாநிலச் சட்டப்படி பள்ளிச் சான்றிதழ் பெற இரண்டாண்டு கணிதம் போதும். அதனுள் முதலாம் இயற்கணிதத்தின் அளவு அடங்கியிருக்க வேண்டும். ஆனால் அதே மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகங்கள் கேட்பது மூன்றாண்டு. இரண்டாம் இயற்கணிதம் வரையில். நான்காண்டு படித்திருப்பது விரும்பத்தக்கது என்றும் கூறுகின்றன. இன்னுமொரு நுட்பமான வேறுபாடும் உண்டு. ‘டி’ என்னும் கடைசித் தேர்ச்சி மதிப்பெண் பெற்றால் பாடத்தில் தேறியதாகப் பள்ளி ஏற்றுக் கொள்ளும். பல்கலைக்கழகமோ ‘சி’ க்குக் குறைந்ததை ஏற்பதில்லை.

விளைவு யாது? ஒரு பிள்ளை பள்ளி கேட்ட எல்லாவற்றையும் செய்து முடித்து, அங்கியும் தொப்பியும் அணிந்து மேடையேறிச் சான்றிதழ் பெற்று, தாயும் தந்தையும் கண்கலங்கப் படம் பிடித்துக் கொண்ட பிறகும், தன் மாநிலத்தின் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கவே தகுதியற்றதாக இருக்கலாம். யாரும் பொய் சொல்லவில்லை. விதிகள் அனைத்தும் அச்சில் இருந்தன. சான்றிதழுக்கான வரம்பு நிற்பதற்கான தரை. மேற்படிப்புக்கான வரம்பு நுழைவதற்கான கதவு. தரையில் நிற்பவரெல்லாம் கதவுக்குள் வந்துவிட்டதாக எண்ணிக் கொள்வதால் வரும் வினை இது. இந்த இடைவெளியை அடைப்பதற்காக லாஸ் ஏஞ்சல்ஸ் நகரக் கல்வி வாரியம் பல்கலைக்கழகம் கேட்கும் பாடங்களையே பள்ளிச் சான்றிதழுக்கும் கட்டாயமாக்குவதென 2005இல் முடிவு செய்தது. 2016இல் பள்ளியை முடித்த மாணவர்களிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் அங்கும் சான்றிதழுக்கு ‘டி’ போதுமென்று விட்டதால் இடைவெளி முழுவதும் அடைபடவில்லை.

டெக்சாஸ் மாநிலத்தின் கதை இதனினும் தெளிவானது. 2006இல் இயற்றிய சட்டத்தின் வழியே கணிதம், அறிவியல், ஆங்கிலம், சமூகவியல் ஆகிய நான்கையும் நான்காண்டுகள் படிக்க வேண்டுமென்று அம்மாநிலம் விதித்தது. இரண்டாம் இயற்கணிதமும் அதில் அடங்கும். 2013இல் அதே மாநிலம் சுமையைக் குறைத்தது. அடிப்படைச் சான்றிதழுக்கு மூன்று கணிதப் பாடங்கள் போதும். இரண்டாம் இயற்கணிதம் கட்டாயமில்லை என்றாயிற்று. பிள்ளைகள் மகிழ்ந்திருப்பார்கள். ஆனால் பள்ளியில் முன்னணி மதிப்பெண் பெறுவோருக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடமளிக்கும் சட்டம் ஒன்று அங்கு உண்டு. அந்தச் சலுகையைப் பெற உயர்தகுதிச் சான்றிதழ் வேண்டும். அதற்கு இரண்டாம் இயற்கணிதம் கட்டாயம்! தரையிலிருந்து நீக்கிய பாடம் கதவில் அப்படியே இருக்கிறது. நீக்கியதை எல்லாரும் கேள்விப்பட்டனர். இருப்பதைக் கேள்விப்பட்டவர் எத்தனை பேர்?

அல்ஜப்ரின் பயணம்

இயற்கணிதம் என்று நாம் சொல்லும் அல்ஜீப்ராவே இத்தனைக்கும் வாசற்படியாக இருக்கிறது. அச்சொல் ‘அல்ஜப்ர்’ என்னும் அரபுச் சொல்லின் வழி வந்தது என்பதை நம் வாசகர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கி.பி. 820ஆம் ஆண்டையொட்டி பக்தாதில் முஹம்மது இப்னு மூஸா அல்குவாரிஸ்மி எழுதிய நூலின் தலைப்பில் உள்ள சொல் அது. 1145இல் ராபர்ட் என்னும் ஆங்கிலேய அறிஞர் ஸ்பெயினில் இருந்துகொண்டு அந்நூலை இலத்தீனில் பெயர்த்தார். இந்தப் பெருமையை மேடைகளில் நாம் அடிக்கடி கேட்கிறோம், நன்று. அந்நூலில் என்ன இருந்தது என்பதை மட்டும் அவ்வளவாகக் கேட்பதில்லை. அதன் பெரும் பகுதி மரண சாசனமும் வாரிசுப் பங்கீடும் பற்றிய கணக்குகள். மனைவிக்கு இவ்வளவு, மகளுக்கு இவ்வளவு, கடன் போக எஞ்சியது எவ்வளவு என்ற வீட்டுக் கணக்குகள்தாம். மக்கள் தம் சொத்துப் பங்கீட்டிலும் வாணிபத்திலும் நில அளவையிலும் அன்றாடம் தேவைப்படுவதை எளிதாக்கவே எழுதுவதாக ஆசிரியரே முன்னுரையில் கூறுகிறார். வழக்குகளைத் தீர்க்கவும் வீடுகளில் அமைதி நிலவவும் எழுதப்பட்ட ஒரு கலை, ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்குப் பின் வேறொரு கண்டத்தில் பிள்ளைகளைத் தரம் பிரிக்கும் சல்லடையாகிவிட்டது!

ஒரு தந்தை கேட்ட கேள்வி

இந்தச் சல்லடையை எதிர்த்து நின்றவர்களுள் தலையாயவர் ராபர்ட் மோசஸ். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 1935இல் பிறந்த கறுப்பினத்தவர், கணித ஆசிரியர். 1961இல் மிசிசிப்பி மாநிலத்தின் சிற்றூர்களுக்குச் சென்று, கறுப்பின உழவர்களை வாக்காளராகப் பதிவு செய்யும் பணியில் இறங்கினார். அக்காலத்தில் பதிவு செய்யச் சென்றவரிடம் மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பிரிவைக் கொடுத்து விளக்கம் எழுதச் சொல்வார்கள். பள்ளிக்கே அனுப்பப்படாத மக்களுக்கு எழுத்துத் தேர்வு! விளக்கம் சரியா என்று முடிவு செய்பவரும் வெள்ளையினப் பதிவாளரே. மோசஸ் தலையில் தையல் போடும் அளவுக்கு அடிபட்டார், சிறை சென்றார். ‘அம்மக்களுக்கு வாக்குரிமையில் அக்கறையே இல்லை’ என்று வெளியில் பேசிக் கொண்டார்கள். அக்கறை இருக்கிறதென்பதை அம்மக்களே வரிசையில் நின்று காட்டிய பிறகுதான் அந்தப் பேச்சு ஓய்ந்தது.

பின்னர் அவர் ஆப்பிரிக்காவின் தான்சானியாவுக்குச் சென்று சில ஆண்டுகள் கணிதம் கற்பித்தார். 1976இல் தாயகம் திரும்பி, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் குடியேறினார். 1982இல் அவர் மூத்த மகள் மெய்ஷா எட்டாம் வகுப்புக்கு வந்தாள். அவள் படித்த அரசுப் பள்ளியில் அந்த வகுப்புக்கு இயற்கணிதம் கற்பிக்கப்படவில்லை. தந்தை வீட்டிலேயே கற்பித்து வந்தார். பெண்ணோ, பள்ளியில் ஒரு கணக்கு, வீட்டில் ஒரு கணக்கு என இரட்டைப் பாடம் படிக்க மாட்டேன் என்று மறுத்துவிட்டாள். எந்த வீட்டில்தான் இது நடக்கவில்லை!

மோசஸ் பள்ளிக்குச் சென்று, தம் மகள் வகுப்பில் அமர்ந்தே இயற்கணிதம் படிக்க இசைவு கேட்டார். அங்கிருந்த கணித ஆசிரியை, மகளுக்கு மட்டும் ஏன், இன்னும் சில பிள்ளைகளையும் சேர்த்து நீங்களே வந்து கற்பியுங்கள் என்றார். மெய்ஷாவும் வேறு மூன்று பிள்ளைகளுமாக அந்த வகுப்பு தொடங்கியது. அதே ஆண்டில் மோசஸுக்கு மெக்கார்தர் அறக்கட்டளையின் புகழ்பெற்ற உதவித்தொகை கிடைத்தது. அதைக் கொண்டு அவர் வேறு வேலை தேடாமல் இப்பணியிலேயே நிலைத்தார். ‘அல்ஜீப்ரா புராஜெக்ட்’ என்னும் இயக்கம் இப்படித்தான் பிறந்தது.

வகுப்பு நடத்திய போது அவர் ஒன்றைக் கவனித்தார். வேகமாகக் கணக்குப் போடுபவர் யார், மெதுவாகப் போடுபவர் யார் என்று பள்ளி முன்னமே பிரித்து வைத்திருந்தது. மேல் பிரிவில் பெரும்பாலும் வெள்ளையினப் பிள்ளைகள். கீழ்ப் பிரிவில் பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைகள். இதனைப் பெற்றோரிடமே கொண்டு செல்வதென முடிவாயிற்று. பெற்றோருக்கு மடல் அனுப்பி இரண்டு கேள்விகள் கேட்டார்கள். எல்லாப் பிள்ளைகளும் இயற்கணிதம் படிக்க வேண்டுமா? உங்கள் பிள்ளை படிக்க வேண்டுமா? முதல் கேள்விக்கு எல்லாரும் ஆம் என்று சொல்லவில்லை. இரண்டாம் கேள்விக்கு, விடை எழுதிய அத்தனை பேரும் ஆம் என்றே எழுதியிருந்தார்கள்!

வாசகர்களே, இந்த விடைத்தாள்களைக் கண்டு சிரிக்கலாம். சிரித்துவிட்டு நம் வீட்டையும் எண்ணிப் பார்க்கலாம். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கணக்கு வராது, என் பிள்ளைக்கு மட்டும் வரும் என்று நினைக்காத பெற்றோர் உண்டோ? ஒவ்வொரு பெற்றோரும் தம் பிள்ளையைப் பற்றி நினைப்பது சரியென்றால் முதல் கேள்விக்கும் விடை ஆம் என்றுதானே ஆக வேண்டும்! அந்த இயக்கம் இதைத்தான் பற்றிக் கொண்டது. பிள்ளைகளுக்கு உதவும் பொருட்டுப் பெற்றோருக்கே சனிக்கிழமை காலைகளில் இயற்கணித வகுப்பு நடத்தினார்கள். பகலெல்லாம் உழைத்த தாய்மார்கள் எழுதுகோலும் தாளுமாக வந்து அமர்ந்தார்கள்.

ரயிலில் ஒரு பாடம்

பிள்ளைகள் எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்பதை மோசஸ் கண்டுபிடித்த விதம், கணக்குச் சொல்லித் தரும் ஒவ்வொரு தாயும் அறிய வேண்டியது. சிறு வகுப்பில் எண் என்பது ‘எத்தனை?’ என்ற ஒரே கேள்விக்கு விடை. மூன்று மாம்பழம், ஐந்து பென்சில். இயற்கணிதத்துக்கு வந்ததும் எண் மற்றொரு கேள்விக்கும் விடையாகிவிடுகிறது: ‘எந்தப் பக்கம்?’ குறை எண், அதாவது மைனஸ் மூன்று, என்பதை எத்தனை என்ற கேள்வியோடு மட்டும் வைத்துக் கொண்டு யோசிக்கும் பிள்ளைக்கு அது புரியவே புரியாது. இல்லாத மூன்று மாம்பழத்தை எப்படிக் கையில் எடுப்பது? புரியாத பிள்ளையை மந்தம் என்று கூறிவிடுகிறோம். உண்மையில் பிள்ளையின் மனத்தில் ஒரு கேள்வி குறைகிறது, அறிவு குறையவில்லை.

அந்த இரண்டாம் கேள்வியை மனத்தில் பதிக்க அவர் பிள்ளைகளை வகுப்பிலிருந்து கிளப்பி, கேம்பிரிட்ஜிலிருந்து பாஸ்டன் நகருக்கு ஓடும் ‘ரெட் லைன்’ சுரங்க ரயிலில் ஏற்றினார். ஒரு நிலையத்தைத் தொடக்கமாக வைத்துக் கொள். அங்கிருந்து எத்தனை நிலையம்? நகரை நோக்கியா, நகரை விட்டு விலகியா? திரும்பி வந்து அந்தப் பயணத்தைப் படமாக வரையச் செய்தார். பிறகு தத்தம் வீட்டு மொழியில் சொல்லச் செய்தார். அதன் பின் அதே செய்தியைக் கணக்குக்கு ஏற்ற ஒழுங்கான மொழியில் மாற்றிச் சொல்லச் செய்தார். இறுதியாகத்தான் குறியீடு. பயணம், படம், பேச்சு, திருந்திய பேச்சு, குறியீடு என ஐந்து படிகள். நாம் வழக்கமாக ஐந்தாம் படியிலிருந்து தொடங்கி, முதல் நாளே எக்ஸும் ஒய்யும் எழுதி, பிள்ளை விழிப்பதைக் கண்டு கோபம் கொள்கிறோம்.

1990களில் அவ்வியக்கம் அவர் முன்பு அடிபட்ட அதே மிசிசிப்பிக்குச் சென்றது. ஜாக்சன் நகரின் லேனியர் உயர்நிலைப் பள்ளியில் மோசஸே பல ஆண்டுகள் வகுப்பெடுத்தார். முன்பு வாக்குரிமை எதுவோ, இக்காலத்தில் கணித அறிவு அதுவே என்பது அவர் வாதம். உழவரின் பேரன் தொழிற்சாலைக்குப் போனான். தொழிற்சாலை வேலையைக் கணினி எடுத்துக் கொண்ட பின் கணிதமறியாதவன் மீண்டும் பண்ணை அடிமையின் நிலைக்கே தள்ளப்படுவான் என்று எச்சரித்தார். தம் அனுபவங்களைச் சார்ல்ஸ் காப் என்பவருடன் சேர்ந்து 2001இல் நூலாக வெளியிட்டார். 2021 ஜூலையில் தமது 86ஆம் வயதில் காலமானார். அவர் பிள்ளைகளும் மாணவர்களும் 1996இல் தொடங்கிய இளைஞர் அமைப்பு, மூத்த மாணவர் இளைய மாணவருக்குக் கணிதம் கற்பிக்கும் வழியில் இயங்கி வருகிறது.

கட்டாயப்படுத்தினால் போதுமா?

‘அப்படியானால் எல்லாருக்கும் கட்டாயமாக்கி விடலாமே’ என்று நீங்கள் கேட்கலாம். சிகாகோ நகரம் அதைத்தான் செய்தது. 1997 முதல் ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் இயற்கணிதம் படிக்க வேண்டும். அதற்குக் கீழ்ப்பட்ட கணக்குப் பாடங்கள் கிடையாது. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்னர் ஆராய்ந்து பார்த்தபோது, இயற்கணிதம் எடுத்தவர் தொகை உயர்ந்திருந்தது. தோற்றவர் தொகையும் உயர்ந்திருந்தது. தேர்வு மதிப்பெண்ணோ கல்லூரிக்குச் சென்றவர் தொகையோ உயரவில்லை. பாடத்தின் பெயரை மாற்றிவிட்டு ஆசிரியர், நேரம், கற்பிக்கும் முறை எதையும் மாற்றாவிட்டால் வேறென்ன நடக்கும்?

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. 2003இல் அதே நகரம், எட்டாம் வகுப்பில் பின்தங்கியிருந்த பிள்ளைகளுக்கு ஒன்பதாம் வகுப்பில் நாள்தோறும் ஒன்றுக்குப் பதில் இரண்டு பாடவேளை இயற்கணிதம் என்று ஏற்பாடு செய்தது. ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் அளித்தது. அப்பிள்ளைகளைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தவர்கள், அவர்களுள் பள்ளிப் படிப்பை முடித்தவர் தொகையும் கல்லூரி சேர்ந்தவர் தொகையும் கூடியதைக் கண்டார்கள். இரண்டு பாடவேளை என்பது பெரிய தத்துவமன்று. செலவு பிடிக்கும் ஒரு சாதாரண ஏற்பாடு. என் எண்ணத்தில், சட்டமியற்றுவதைவிட அதுவே மேலானது.

சான்பிரான்சிஸ்கோ நகரம் இதற்கு நேர்மாறான வழியைத் தேர்ந்தது. சிலர் மட்டும் எட்டாம் வகுப்பிலேயே இயற்கணிதத்துக்குச் செல்வது ஏற்றத்தாழ்வை வளர்க்கிறது என்று கருதி, 2014இல் எட்டாம் வகுப்பிலிருந்து அதை எடுத்துவிட்டு எல்லாருக்கும் ஒன்பதாம் வகுப்பில்தான் என்றாக்கியது. நோக்கம் நல்லதே. ஆனால் வசதியுள்ள பெற்றோர் வெளியே பணம் கட்டி அந்தப் பாடத்தைப் படிக்க வைத்துவிட்டு முன்னேறினர். வசதியற்ற பிள்ளைக்கு அந்த வழியும் இல்லாமற் போயிற்று. பத்தாண்டு வாதத்துக்குப் பின், 2024 பிப்ரவரியில் கல்வி வாரியம் எட்டாம் வகுப்பு இயற்கணிதத்தைத் திரும்பக் கொண்டு வர முடிவு செய்தது. அடுத்த மாதமே நகர வாக்காளர்களும் அதற்கு ஆதரவாகப் பெருவாரியாக வாக்களித்தனர்.

இயற்கணிதமே எல்லாருக்கும் எதற்கு என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். ஆண்ட்ரூ ஹேக்கர் என்னும் பேராசிரியர் 2012இல் நியூயார்க் டைம்ஸ் இதழில் இக்கேள்வியை எழுப்பி, 2016இல் நூலாகவும் எழுதினார். பெரும்பாலோர் வாழ்வில் பயன்படுத்தாத ஒரு பாடத்தால் எத்தனையோ பிள்ளைகள் பள்ளியையே கைவிடுகிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. புள்ளிவிவரங்களைப் புரிந்துகொள்ளும் கணக்கே போதும் என்பது அவர் யோசனை. அவர் கூறுவதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் கதவில் இயற்கணிதம் எழுதப்பட்டிருக்கும் வரையில், அது தேவையில்லை என்ற அறிவுரையை ஏற்றுக் கொண்டு இழப்புக்கு ஆளாவது ஏழை வீட்டுப் பிள்ளையாகத்தான் இருக்கும். பேராசிரியர் வீட்டுப் பிள்ளை நுண்கணிதம் படித்துக் கொண்டிருக்கும்.

அண்மைக்கால மாற்றங்கள்

தேர்வுகளும் தளர்ந்து வருகின்றன. மாசசூசெட்ஸில் பத்தாம் வகுப்பில் கணிதம் உள்ளிட்ட மாநிலத் தேர்வில் தேறினால்தான் பள்ளிச் சான்றிதழ் என்ற விதியை 2024 நவம்பரில் வாக்காளர்கள் நீக்கிவிட்டார்கள். நியூயார்க் மாநிலமும் தனது பழம்பெரும் ‘ரீஜண்ட்ஸ்’ தேர்வுகளைச் சான்றிதழுக்கான நிபந்தனையிலிருந்து விலக்க முடிவு செய்துள்ளது. சான்றிதழ் பெறுவது எளிதாகிறது.

மறுபுறம், 2025 நவம்பரில் கலிபோர்னியாவின் சான்டியேகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் குழு ஒன்று வெளியிட்ட அறிக்கை பலரைத் திடுக்கிடச் செய்தது. அங்குப் புதிதாகச் சேரும் மாணவர்களுள் உயர்நிலைப் பள்ளி அளவுக்குக் கூடக் கணிதம் வராதவர் தொகை 2020க்கும் 2025க்கும் இடையே ஏறத்தாழ 30 மடங்காகியிருந்தது. பல்கலைக்கழகம் கேட்ட கணிதப் பாடங்கள் இல்லாமல் அவர்கள் உள்ளே வந்திருக்க முடியாது; சான்றிதழில் பாடங்களின் பெயர்கள் இருந்தன. நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன் வகுத்த 120 மணிக் கணக்கை முன்னரே நினைவில் வைக்கச் சொன்னோம் அல்லவா? அமர்ந்திருந்த காலம் அளக்கப்பட்டது, கற்றது அளக்கப்படவில்லை.

அங்கிருக்கும் நம் பிள்ளைகளுக்காக

இங்கிருந்து ஒன்பதாம், பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளையுடன் குடிபெயரும் குடும்பங்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. நம் மதிப்பெண் பட்டியலில் ‘கணிதம்’ என்ற ஒரே சொல்தான் இருக்கும். ஆனால் நம் பத்தாம் வகுப்புப் புத்தகத்துக்குள் இயற்கணிதம், வடிவியல், ஆயத்தொலை வடிவியல், முக்கோணவியல், நிகழ்தகவு எல்லாம் கலந்தே இருக்கின்றன. அமெரிக்கப் பள்ளி அலுவலகத்தில் அமர்ந்திருப்பவருக்கு அது தெரிய நியாயமில்லை. பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்பதை அவர் அந்த ஒற்றைச் சொல்லிலிருந்து ஊகிக்க நேர்ந்தால், கீழ்ப்படியில் வைப்பதே அவருக்குப் பாதுகாப்பான வழி. ஆகவே மதிப்பெண் பட்டியலோடு பாடத்திட்டத்தையும் புத்தகத்தின் பொருளடக்கப் பக்கத்தையும் ஆங்கிலத்தில் எடுத்துச் செல்லுங்கள். படி நிர்ணயிக்கும் தேர்வு ஏதேனும் எழுதலாமா என்று கேளுங்கள்.

ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலும் பாடத் தேர்வுக்கு வழிகாட்டும் ஆலோசகர் பெரும்பாலும் இருப்பார். ஒருவர் பொறுப்பில் நூற்றுக்கணக்கான மாணவர்கள். கேட்காத பெற்றோரைத் தேடிவந்து சொல்ல அவருக்கு நேரமிராது. அவரிடம், ‘என் பிள்ளை தேறி விடுமா?’ என்று கேட்டால், ‘ஆம், கவலை வேண்டாம்’ என்ற விடைதான் கிடைக்கும், அது பொய்யுமன்று. ‘பன்னிரண்டாம் வகுப்பு முடிகையில் என் பிள்ளை எந்தக் கணிதப் பாடத்தில் இருக்கும்? இம்மாநிலப் பல்கலைக்கழகம் கேட்பது எது?’ என்று கேட்டால் பேச்சே வேறாகும்.

பேரப்பிள்ளைகளோடு தொலைபேசியில் பேசும் பாட்டனார்களே, பாட்டிமார்களே! ‘கணக்கில் எத்தனை மார்க்?’ என்று கேட்பது நம் வழக்கம். அங்கே எட்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளையிடம் இனி அதற்கு முன்பாக, ‘நீ இப்போது எந்தக் கணக்கு வகுப்பில் இருக்கிறாய்? அடுத்த ஆண்டு எந்த வகுப்பு?’ என்று கேளுங்கள். விடை எண்ணாக வராது. ஒரு பாடத்தின் பெயராக வரும். அந்தப் பெயரைக் குறித்து வைத்துக் கொண்டு, அதன் பின் உங்கள் மகனிடம் பேசுங்கள்.